மேகத்துக்குள் எந்தப் பெட்டியை நம்புவது?

(மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் மூன்று முறை ஹாஸ்டல் அறைக் கதவைத் தட்டிவிட்டார். "டெக்னிக்கலா எழுதுடா, ஆனா நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று கண்டிஷன் வேறு. எனக்குத் தெரிந்த டெக்னிக்கல் சமாச்சாரத்தில் நாலு பேர் படிக்கிற மாதிரி இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது என் மாமா கட்டிக்கொண்டிருக்கும் விமானம்.

ஆமாம், விமானமேதான். பொம்மை இல்லை. என் அம்மாவின் தம்பி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கார் நிற்க வேண்டிய ஷெட்டில் புகுந்து அலுமினியத் தகட்டில் ரிவெட் அடிக்க ஆரம்பித்துவிடுவார். ஐந்து வருஷமாக இந்தக் கூத்துதான். கார் வெளியே பனியில் நிற்கிறது. அத்தை ஆரம்பத்தில் சண்டை போட்டார். இப்போது ரிவெட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிப்பதே அவர்தான்.

அவர் கட்டுவது ஆர்.வி.-7 என்கிற இரண்டு பேர் உட்காரும் விமானம். வேன்ஸ் ஏர்கிராஃப்ட் என்ற ஓரிகான் மாநிலத்துக் கம்பெனி உதிரி பாகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பும். கோப்பது நம் பொறுப்பு. விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கட்டுகிறவரே, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பேச்சு வழக்கில் இதை '51 சதவீத விதி' என்பார்கள். அப்படிக் கட்டிய விமானத்துக்கு 'எக்ஸ்பெரிமென்டல்' என்று ஒரு தனிப் பிரிவு. ஏறும் இடத்தில் அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியே ஆகவேண்டும், ஏறுகிறவன் தெரிந்துகொண்டு ஏறட்டும் என்று!

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடமிருந்து போன்.

"டேய் மாப்ளே, நீ ஈ.சி.ஈ. தானே? பேனல்ல ஜி.பி.எஸ். வைக்கணும். மேகத்துக்குள்ளயும் போற மாதிரி. எது வாங்கலாம் சொல்லு."

நான் அப்போது ப்ராஜெக்டில் ஜி.பி.எஸ். மாட்யூல் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டுமா, தலைக்கனம் ஏறிவிட்டது.

"மாமா, எல்லாம் ஒண்ணுதான். மேல இருக்கிற சாட்டிலைட் ஒண்ணு, கணக்கும் ஒண்ணு. நான் வாங்கின சின்ன மாட்யூலே மூணு மீட்டர் துல்லியம் காட்டுது. நீங்க ஒரு டேப்லெட்ல மேப் போட்டு வச்சுக்குங்க, போதும். எதுக்கு ஆயிரக்கணக்குல டாலரைக் கொட்டறீங்க?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, உன் பஸ் ப்ராஜெக்ட் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

நம் காலேஜ் பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டுவதுதான் எங்கள் மூன்று பேருடைய ப்ராஜெக்ட். நான் சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். மேம்பாலத்துக்கு அடியில் பஸ் நின்றபோது எங்கள் மேப்பில் அது பக்கத்து ஏரிக்கு நடுவில் நின்றது. நாலு நிமிஷம் தண்ணீரில் மிதந்துவிட்டுத்தான் கரையேறியது.

"அந்த நாலு நிமிஷமும் உன் மாட்யூல் 'எனக்குச் சரியாத் தெரியலை'ன்னு சொல்லிச்சா?"

"இல்லை மாமா, ஃபிக்ஸ் ஓ.கே.ன்னுதான் சொல்லிச்சு."

"அந்த நாலு நிமிஷம் நான் மேகத்துக்குள்ள இருந்திருந்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் நண்பர்களே, நான் நிஜமாகவே படிக்க ஆரம்பித்தேன். ஆறு மாதம் நானும் மாமாவும் மாறி மாறிப் படித்து, சண்டை போட்டு, கடைசியில் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மேகத்துக்குள் என்ன பிரச்சினை?

வெளியே பார்த்து ஓட்டுவது ஒரு வகை. தரை தெரிகிறது, தொடுவானம் தெரிகிறது, ஆறும் ரோடும் தெரிகின்றன. இதற்கு வி.எஃப்.ஆர். என்று பெயர். வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது ஐ.எஃப்.ஆர். இதற்குத் தனிப் பயிற்சி, தனி ரேட்டிங் உண்டு. மாமா அதை வாங்கிவிட்டார்.

பயிற்சி இல்லாதவன் மேகத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே தெரியாத நிலையில் ஓட்ட வைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி! மூன்று நிமிஷம்கூட இல்லை. காரணம், நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். உடம்போ 'நேராகத்தான் போகிறோம்' என்று சத்தியம் பண்ணும்.

அந்தச் சோதனை விமானத்தின் சாய்வைப் பற்றியது, ஜி.பி.எஸ். சொல்வதோ இடத்தைப் பற்றியது, இரண்டும் வேறு. ஆனாலும் சங்கதி ஒன்றுதான். கருவியை ஓட்டும் பைலட் 'உன் உடம்பு சொல்வதைக் கேட்காதே, கருவி சொல்வதைக் கேள்' என்றே பழக்கப்பட்டவர். கருவி தெரியாமல் போனால் அவர் வேறு வழி தேடுவார். கருவி தைரியமாகப் பொய் சொன்னால் அதன் பின்னாலேயே மலைக்குள் போய்விடுவார். என் மாட்யூல் செய்த காரியம் இந்த இரண்டாவது வகை.

நான்கு, ஐந்து, ஆறு

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், முதல் செமஸ்டர் கணக்குதான்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். ஒரு மைக்ரோ செகண்ட் தப்பினால் 300 மீட்டர் தப்பும். நமக்குத் தெரியாதவை நான்கு: நீளம், அகலம், உயரம், நம் பெட்டியின் கடிகாரப் பிழை. நான்கு தெரியாதவை, நான்கு சமன்பாடு, ஆக நான்கு செயற்கைக்கோள். விடை வந்துவிடும்.

சரி, நான்கில் ஒன்று தப்பான நேரம் சொன்னால்? அப்போதும் விடை வந்துவிடும்! தப்பான விடை, அவ்வளவுதான். அதைத் தப்பென்று சொல்ல மிச்சமாக ஒரு சமன்பாடு இல்லையே.

சிவில் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். சர்வே ப்ராக்டிகலில் டிராவர்ஸ் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தில் மூடவேண்டும். மூடாவிட்டால் எங்கேயோ தப்பு என்று தெரியும். எந்த ஸ்டேஷனில் தப்பு என்று தெரியாது. மூடாமலே விட்டுவிட்டால் தப்பு நடந்ததே தெரியாது. ஜி.பி.எஸ்.ஸிலும் அப்படியே. ஐந்தாவது செயற்கைக்கோள் இருந்தால் ஒத்துப் பார்த்து 'யாரோ ஒருத்தர் பொய் சொல்கிறார்' என்று கண்டுபிடிக்கலாம். ஆறாவது இருந்தால் 'இன்னார்தான் பொய்யர்' என்று பிடித்து வெளியே தள்ளலாம். பெட்டிக்குள் நடக்கும் இந்தச் சோதனைக்கு 'ரெய்ம்' என்று பெயர்.

செயற்கைக்கோளாவது பொய் சொல்வதாவது என்று நினைக்காதீர்கள். 2004-ம் வருஷம் ஜனவரி 1-ம் தேதி 23-ம் எண் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரம் கெட்டுப்போனது. அதை ஒதுக்கிவைக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை 'நான் நலம்' என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. தூரப் பிழையோ கிலோமீட்டர் கணக்கில் வளர்ந்துகொண்டே போனது. ரெய்ம் இருந்த பெட்டிகள் அதைத் தள்ளிவிடும் வழி வைத்திருந்தன. சும்மா கணக்குப் போடும் பெட்டிகளுக்கு அந்த வழி கிடையாது.

ஆக, துல்லியம் வேறு, 'இன்டெக்ரிட்டி' வேறு. துல்லியம் என்றால் சரியாகச் சொல்வது. இன்டெக்ரிட்டி என்றால் சரியாகச் சொல்ல முடியாதபோது அதை உடனே ஒப்புக்கொள்வது. நான் மாமாவுக்குச் சொன்ன மூன்று மீட்டர் துல்லியக் கணக்கு. அவர் கேட்டது இன்டெக்ரிட்டி.

(இடையில் ஒரு வார்த்தை. அடுத்த வருஷம் ஜி.பி.எஸ். ப்ராஜெக்ட் எடுக்கிறவர்கள் கவனிக்கவும். மாட்யூல் அனுப்பும் 'ஆர்.எம்.சி.' வரியில் 'ஏ' என்ற எழுத்து வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் விட்டோம். 'ஜி.ஜி.ஏ.' வரியில் எத்தனை செயற்கைக்கோள், ஹெச்.டி.ஓ.பி. எவ்வளவு என்பது வரும். அதையும் பார்த்து, மோசமாக இருந்தால் 'இடம் தெரியவில்லை' என்று போர்டில் காட்டச் செய்தோம். இது முழு இன்டெக்ரிட்டி ஆகாது. பாலத்தில் பட்டுத் திரும்பிவரும் சிக்னலை அது கண்டுபிடிக்காது. ஏதோ ஒட்டுப்போட்ட வேலை. ஆனாலும் பஸ் ஏரிக்குள் இறங்குவது குறைந்திருக்கிறது.)

வாஸ் என்றொரு கண்காணிப்பு

ரெய்ம் பெட்டிக்குள் நடக்கும் சோதனை. வெளியிலிருந்து ஒருவர் சோதித்துச் சொன்னால் இன்னும் நல்லதல்லவா? அதற்காக அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. 2003 ஜூலை 10-ம் தேதி 'வாஸ்' என்ற ஏற்பாட்டைச் செயலுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலுமாக 38 தரை நிலையங்கள். ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்தது. தான் பெறும் ஜி.பி.எஸ். அளவீடுகளை அனுப்பும். அவை ஒன்று திரட்டப்பட்டு, ஜி.பி.எஸ். சொல்வதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் கணக்கிடப்பட்டு, புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக, ஜி.பி.எஸ். இருக்கும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் திரும்பி வரும். அதனால் தனி ஆன்டெனா வேண்டாம்.

திருத்தம் வருவது பாதி விஷயம்தான். எந்தச் செயற்கைக்கோளை நம்பக்கூடாது என்ற எச்சரிக்கையும் சுமார் ஆறு விநாடிக்குள் பெட்டிக்கு வந்துவிடும். ஆறு விநாடி என்றால் எவ்வளவு? மாமாவின் விமானம் 90 நாட் வேகத்தில் இறங்கி வருகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 46 மீட்டர். ஆறு விநாடியில் சுமார் 278 மீட்டர் முன்னே போயிருக்கும். மூன்று டிகிரி சரிவில் அதற்குள் இறங்கியிருப்பது ஐம்பது அடிகூட இல்லை. அவர் இஞ்சினை முடுக்கி மேலே ஏறிவிடலாம். நாலு நிமிஷம் சும்மா இருந்த என் மாட்யூலை நினைத்துப் பாருங்கள்!

இன்னொரு அழகு. வாஸ் பெட்டி 'என் பிழை அதிகபட்சம் இவ்வளவுக்குள்தான்' என்று தனக்குத்தானே ஒரு வரம்பைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். எல்.பி.வி. எனப்படும் இறங்குமுறையில் பக்கவாட்டு வரம்பு 40 மீட்டர். மேல்கீழ் வரம்பு 50 மீட்டர். 200 அடிவரை இறங்கவேண்டுமானால் 35. வரம்பைத் தாண்டிவிடும் என்று தோன்றினாலே, 'இனி மேல்கீழ் வழிகாட்ட மாட்டேன்' என்று சொல்லிவிடும். எல்.பி.வி. வசதியுள்ள ஓடுபாதையில் தரைக்கு மேல் 200 அடிவரை மேகத்துக்குள்ளேயே இறங்கி வரலாம். இந்த வசதி இல்லாத சாதாரண முறையில் பெரும்பாலும் 400, 500 அடியிலேயே ஓடுபாதை கண்ணில் பட்டாக வேண்டும், படாவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

நம் நாட்டிலும் இது உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த 'ககன்' இதே வேலையைச் செய்கிறது. 2022 ஏப்ரல் 28-ல் ராஜஸ்தான் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் அதைக்கொண்டு இறங்கிக் காட்டியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

வீட்டில் கட்டிய விமானத்தில் மாமாவுக்குச் சுதந்திரம் ஜாஸ்தி. கம்பெனி விமானத்தில் ஒரு கருவியை மாற்றினால் அதற்கு அனுமதி, பத்திரம், கையெழுத்து என்று ஆயிரம் உண்டு. மாமா தானே ஓட்டை போட்டு, தானே ஒயர் இழுத்து, தானே மாட்டிக்கொள்ளலாம். முன்னால் இருக்கும் பெரிய திரை (டைனான் ஸ்கைவியூ, கார்மின் ஜி3எக்ஸ் டச் போன்றவை) சான்றிதழ் இல்லாததாக இருந்தாலும் தடையில்லை.

இந்தச் சுதந்திரத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சுதந்திரம் விமானத்துக்கு. மேகத்துக்குள் அவர் பறக்கும் பாதை எல்லோருக்கும் பொது. அதே பாதையில் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு வேறொரு விமானமும் வரும். ஆகவே ஐ.எஃப்.ஆர். பறக்க வேண்டுமானால், போகும் பாதைக்குப் பொருத்தமான வழிகாட்டும் கருவி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி 91.205. வீட்டு விமானத்துக்கும் இந்த விதியையே அதன் இயக்க நிபந்தனையில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஜி.பி.எஸ். என்றால் எது பொருத்தம்? டி.எஸ்.ஓ. என்ற தரக் குறியீடு அதைச் சொல்லும். பழையது சி129, 1992-ல் வந்தது. ரெய்ம் உண்டு, வாஸ் கிடையாது. அதற்குப் பின் வந்தவை சி145, சி146. இவை வாஸ் பெட்டிகள்.

சி129 பெட்டியை வைத்துக்கொண்டு ஐ.எஃப்.ஆர். போகலாம். ஆனால் துணைக்கு வி.ஓ.ஆர். போன்ற வேறொரு வழிகாட்டி விமானத்தில் இருந்தே ஆகவேண்டும். போகும் நேரத்தில் ரெய்ம் கிடைக்குமா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்.பி.வி. கிடையாது. சி146-க்கு இந்தக் கட்டுகள் தளர்கின்றன. டேப்லெட், கையடக்க ஜி.பி.எஸ்., திரைக்குள்ளேயே இருக்கும் ஜி.பி.எஸ். எல்லாம் 'எங்கே இருக்கிறோம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள' மட்டும்தான். முதல் ஞாயிறு நான் சொன்ன ஐடியா அத்துடன் செத்தது.

மாமாவின் பட்டியல்

மாமா மூன்று வழிகளை எழுதி அனுப்பினார்.

முதலாவது, பழைய பெட்டி. ஒருவர் தன் விமானத்திலிருந்து கழற்றிய கார்மின் ஜி.என்.எஸ். 430-ஐ விற்கிறார். 'ஐ.எஃப்.ஆர். ஜி.பி.எஸ்., ரேடியோ, வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். எல்லாம் ஒரே பெட்டியில்' என்று விளம்பரம். விலை கொள்ளை மலிவு. மாமா பணம் அனுப்பவே தயாராகிவிட்டார். "பின்பக்க லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க மாமா" என்றேன். வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாகப் பார்த்தேன். சி129ஏ என்று இருந்தது, சி146-ஐக் காணோம். அதாவது 430. வாஸ் உள்ளது 430 டபிள்யூ. ஒரே ஒரு எழுத்து! விற்றவர் பொய் சொல்லவில்லை, அது ஐ.எஃப்.ஆர். பெட்டிதான். பாதி உண்மை. 1998-ல் வந்த மாடல், இப்போது தயாரிப்பில் இல்லை. பழுதானால் பாகத்துக்கு அலைய வேண்டும். "மாப்ளே, டிகிரி வாங்கறதுக்கு முன்னாடியே ஃபீஸ் சம்பாதிச்சுட்டே" என்றார் மாமா. டிப்ளமோ என்று திருத்தினேன்.

இரண்டாவது, எல்லாம் அடங்கிய புதுப் பெட்டி: கார்மின் ஜி.டி.என். 650எக்ஸ்.ஐ. அல்லது அவிடைன் ஐ.எஃப்.டி. 440. வாஸ், ரேடியோ, வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். எல்லாம் உண்டு. அருமையான சாமான்கள், மறுப்பதற்கில்லை. மாமா மயங்கித்தான் போனார். எனக்கு இரண்டு ஆட்சேபணை. ஒன்று விலை. மற்றொன்று, அந்த ஒரே பெட்டியின் பவர் சப்ளை போனால் ஜி.பி.எஸ்., வி.ஓ.ஆர்., ரேடியோ எல்லாம் ஒன்றாகப் போகும்.

மூன்றாவது, சின்ன வாஸ் பெட்டி: கார்மின் ஜி.பி.எஸ். 175. 2019-ல் வெளிவந்தபோது 4,995 டாலர். ஜி.பி.எஸ். வழிகாட்டுதல் மட்டும்தான், ரேடியோ இல்லை, வி.ஓ.ஆர். இல்லை. சி146 உண்டு, எல்.பி.வி. உண்டு. கூடவே தனியாக ஒரு நேவ்-காம் ரேடியோ வாங்கி வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். இரண்டையும் அதில் வைத்துக்கொள்ளலாம்.

"வாஸ் பெட்டி இருந்தா வி.ஓ.ஆர். வேண்டாம்னு சட்டமே சொல்லுதேடா?" என்றார் மாமா. இது எங்களுக்குள் மூன்று வாரம் ஓடிய சண்டை. நான் இரண்டு சம்பவங்களை எடுத்துப் போட்டேன். 2022 ஜனவரியில் டென்வர் வட்டாரத்தில் அனுமதியில்லாத ஒரு டிரான்ஸ்மிட்டரால் ஒரு நாளுக்கு மேல் ஜி.பி.எஸ். குழம்பியது. அதே வருஷம் அக்டோபரில் டல்லஸ்-ஃபோர்ட் வொர்த் பக்கமும் குழம்பியது. வாஸ் பெட்டி அப்போது நேர்மையாக 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும். சொன்ன பிறகு? மாமா மேகத்துக்குள் இருக்கிறாரே! அதற்காகத்தான் எஃப்.ஏ.ஏ. வி.ஓ.ஆர். நிலையங்களை ஒவ்வொன்றாக மூடிவந்தாலும், குறைந்தபட்சம் ஒரு வலைப்பின்னலை விட்டு வைக்கிறது. நாட்டின் பெரும்பகுதியில் 5,000 அடியில் பறந்தால் 100 நாட்டிகல் மைலுக்குள் ஜி.பி.எஸ். இல்லாமல் இறங்க ஒரு விமான நிலையம் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த வலையைப் பிடிக்க ஒரு ரேடியோவாவது வேண்டாமா?

மாமா ஒத்துக்கொண்டார். மூன்றாவது வழி. மிச்சமான பணத்தில் தனி பேக்கப் பேட்டரி ஒன்றும், ஜி.பி.எஸ்.ஸிலிருந்து முன்திரைக்கு மேல்கீழ் வழிகாட்டுதலைக் கொண்டுபோகும் 'ஏ-ரிங்க் 429' இணைப்புக்கான சின்னப் பெட்டியும் வாங்கினார். இந்த இணைப்பு இல்லாவிட்டால் எல்.பி.வி. பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கும், முன்திரையில் ஊசியாக வராது. விலைப்பட்டியலில் கடைசி வரியில் இருக்கும் இந்தச் சில்லறைச் சாமானைப் பலர் மறந்துவிடுகிறார்களாம். இன்னொரு செலவும் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் பாதைத் தகவல் 28 நாளுக்கு ஒருமுறை மாறும், வருஷத்துக்கு 13 தடவை. சந்தா கட்டவேண்டும். பெட்டி வாங்குவது கல்யாணம் மாதிரி, சந்தா குடித்தனம் மாதிரி என்றார் மாமா. அத்தை பக்கத்தில் இருந்திருக்கிறார், பாவம்.

நம் பாடத்தில் வரும் பகுதி

தேர்வு முடிந்தது என்று நினைத்தோம். பெட்டி வந்த பிறகுதான் நம் டிபார்ட்மென்டுக்கான வேலை வந்தது.

ஜி.பி.எஸ். சிக்னல் ஆன்டெனாவை வந்தடையும்போது சுமார் மைனஸ் 130 டி.பி.எம். விமான ரேடியோ அனுப்புவது 10 வாட் என்றால் பிளஸ் 40 டி.பி.எம். இடைவெளி 170 டெசிபல்! ரேடியோவின் ஹார்மோனிக் ஒன்றை நூறு டெசிபல் குறைத்து வடிகட்டினாலும், ஜி.பி.எஸ். சிக்னலைவிட அது 70 டெசிபல், அதாவது ஒரு கோடி மடங்கு வலுவாக நிற்கும். இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையில் உள்ள தூரம்தான் மிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

எந்த அலைவரிசையில் இந்த ஆபத்து? கால்குலேட்டரை எடுங்கள். 1575.42-ஐ 13-ஆல் வகுத்தால் 121.186. பன்னிரண்டால் வகுத்தால் 131.285. இரண்டுமே விமான ரேடியோ பேசும் இடம்! 121.175-இன் 13-வது ஹார்மோனிக் 1575.275. 131.275-இன் 12-வது 1575.300. ஜி.பி.எஸ். வாசலில் போய் நின்று ஹார்ன் அடிப்பது போல. அதனால்தான் பெட்டியைப் பொருத்தும் கையேட்டிலேயே 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய ஆறையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். செமஸ்டரில் 'ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்' என்று ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்த சங்கதி, அங்கே ஒரு மனிதன் மேகத்துக்குள் மைக் பட்டனை அழுத்தும் விநாடியில் அவன் இருக்கும் இடத்தைத் தொலைத்துவிடக்கூடும்.

ஆன்டெனாவை மாமா உடலின் மேல்பக்கம், வானம் முழுவதும் தெரியும்படி வைத்தார். அலுமினியத் தகடே கிரவுண்ட் பிளேன் ஆகிவிட்டது. பிளாஸ்டிக் கலவை விமானமாக இருந்தால் அடியில் உலோகத் தகடு ஒட்டவேண்டும். ரேடியோ ஆன்டெனாவை வயிற்றுப்பக்கம் தள்ளினார். பிறகு ஒரு சனிக்கிழமை விமானத்தை வெட்டவெளியில் நிறுத்தி, ஜி.பி.எஸ். பெட்டியில் செயற்கைக்கோள்களின் பார் வரிசையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறு அலைவரிசையிலும் ஒவ்வொன்றாக அரை நிமிஷத்துக்கு மேல் மைக்கை அழுத்தினார். நான் இங்கே வீடியோ காலில், ராத்திரி பதினோரு மணி, ஹாஸ்டல் மொட்டை மாடி.

121.150-ல் பார்கள் லேசாக நடுங்கின. 121.175-ல் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன.

"என்னடா மாப்ளே, இவ்வளவு தூரம் தள்ளி வச்சும் இப்படி ஆகுது?"

எனக்கும் புரியவில்லை. கையேட்டை மறுபடி புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. விபத்தானால் தானாகக் கூப்பிடும் அபாய டிரான்ஸ்மிட்டர், ஈ.எல்.டி., பெரும்பாலான விமானங்களில் இருக்கும். அணைத்து வைத்திருந்தாலும், பக்கத்தில் ரேடியோ பேசும்போது அதன் ஆன்டெனா அந்தச் சக்தியை வாங்கி, உள்ளே இருக்கும் டையோடு வகையறாக்களில் திரித்து, ஹார்மோனிக்காகத் திருப்பி வீசும். மாமாவின் ஈ.எல்.டி. ஆன்டெனா ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கு அருகில்தான் இருந்தது.

"மாமா, ஈ.எல்.டி. ஒயரைக் கழற்றிட்டு மறுபடி அழுத்துங்க."

கழற்றினார். அழுத்தினார். பார்கள் அசையவில்லை.

அடுத்த வாரம் ஈ.எல்.டி. ஒயரில் ஒரு நாட்ச் ஃபில்டர் கோத்து, ஆறு அலைவரிசையையும் திரும்பச் சோதித்து, தேதி போட்டு லாக் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

இப்போது விமானம் முதல் கட்டச் சோதனைப் பறப்பில் இருக்கிறது. மாமாவுக்கு விதித்திருப்பது 40 மணி நேரம். அது முடியும்வரை பகலில், தெளிந்த வானத்தில் மட்டும்தான் பறக்கலாம். எல்.பி.வி. இறங்குமுறையை வெளிச்சத்திலேயே, ஓடுபாதை கண்ணெதிரே தெரியும்போதே பழகிக்கொண்டிருக்கிறார். ஊசி காட்டும் இடமும் ஓடுபாதை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கிறார். இந்த மலர் அச்சுக்குப் போகும்போது 26 மணி நேரம் ஆகியிருக்கிறது. இன்னும் 14. அத்தைக்கு அதற்கப்புறம்தான் இடம், மேகத்துக்கு அதற்கும் அப்புறம்.